வழி சொன்னவர்கள்

மங்கலம்பேட்டைக்கு நாங்கள் மூவரும் சென்றது 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் இருக்கும் அந்தப் பேரூருக்கு அதற்கு முன்பும் பலமுறை சென்றிருக்கிறோம். மாணவர் வீட்டுத் திருமணம், காதணி விழா, சில வேளைகளில் துக்கம். அன்று சென்றது மன்னிப்புக் கேட்பதற்காக. கேட்க வேண்டியவர்கள் ஓர் இளைஞனும் அவன் தாயும். இளைஞன் எங்களிடம் இளங்கலைத் தமிழ் படித்தவன். தாய் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு சிறு பட்டறையில் அச்சுகளில் மண்குழம்பு ஊற்றும் வேலை பார்ப்பவர்.

'நாங்கள்' என்பது ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையில் பணிபுரியும் மூன்று விரிவுரையாளர்கள். எழுதுவது ஒருவர்தான். ஆனால் ஒருமையில் எழுதினால் தாங்கள் இருவரும் தப்பித்துக்கொண்டது போலாகிவிடும் என்று மற்ற இருவருமே சொல்லிவிட்டார்கள்.

கதை 2020இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துவந்த எங்கள் பழைய மாணவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். முந்திரிக்காட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த அவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். பெயர் வைப்பதில் தமிழாசிரியர்களுக்கே உரிய காலதாமதம் நேர்ந்தது. கடைசியில் 'வேலை' என்றே வைத்தோம். அந்நாளில் ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் இடமில்லை. சில மாதங்களிலேயே எங்கள் குழு நிரம்பிவிட்டது. ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவரைச் சேர்க்க முடியும் என்பதால், வேலை கிடைத்தவர் நன்றி சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் என்று ஒரு விதி செய்தோம். அந்த விதி எவ்வளவு தவறானது என்பது எங்களுக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

குழுவில் வந்த செய்திகள் பலவகை. அதே 2020இல் தமிழக அரசு தனியார் வேலைகளுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதிலிருந்து சில. நாளேட்டு விளம்பரங்களின் படங்கள் சில. பெரும்பகுதி அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியது. எங்கள் மாணவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குத் தொகுதி நான்கு தேர்வுதான் கனவு. 2022இல் அந்தத் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். தமிழில் முதுகலை முடித்தவன் தட்டச்சர் பணிக்கு எழுதுகிறானே என்று வெளியூர் நண்பர் ஒருவர் வருந்தினார். கிடைத்தால் கொண்டாடுவோம் என்று பதில் சொன்னோம்.

நாங்கள் படித்த காலத்தில் வேலை தேடுதல் என்பதற்கு ஒரே ஒரு திசைதான் இருந்தது. கடலூர். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பேருந்து ஏறிப்போய், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்து வரிசையில் நின்று பதிந்துவிட்டு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து கலைக்கப்பட்ட படைகளின் சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945இல் தொடங்கப்பட்ட ஏற்பாடு அது. 1959இல் வந்த சட்டம், காலியிடங்களை அந்த அலுவலகங்களுக்கு அறிவிப்பதை நிறுவனங்களின் கடமையாக்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். பதிவு மூப்பு என்ற சொல்லுக்கு அன்று இருந்த கனத்தை இன்றைய மாணவர்களுக்கு விளக்குவது கடினம். சிலருக்கு அது சொத்து. பெண் பார்க்க வருகிறவர்கள் அதைக் கேட்டார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு 2012இல் நடைமுறைக்கு வந்தபோது, மூப்பை மட்டுமே நம்பியிருந்த எங்கள் தோழர்கள் சிலர் ஒரே நாளில் முதுமை அடைந்தார்கள்.

அந்த வரிசையை இப்போது ஏக்கத்தோடு நினைக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். காத்திருந்து காத்திருந்து கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். இந்த வட்டாரத்துக் காத்திருப்பின் கசப்பை அறிய விரும்புகிறவர்கள் கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை' நாவலைப் படிக்கலாம். போக்குவரத்துக் கழகத்தின் தற்காலிகப் பணியாளர்களைப் பற்றியது. பணிமனையில் தாமே வேலை பார்த்த ஒருவர் எழுதியது என்பது அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு குணம் உண்டு. அது யாரையும் எங்கும் கடத்திக்கொண்டு போகவில்லை.

2022 ஆகஸ்டில் ஒரு மாலை எங்களில் ஒருவர் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. தாய்லாந்தில் வேலை. 'டிஜிட்டல் விற்பனை மற்றும் சந்தைப்படுத்தல் அலுவலர்'. எந்தப் பட்டமும் போதும், ஓரளவு ஆங்கிலம் போதும், தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும். உணவும் தங்குமிடமும் இலவசம். சம்பளம் எங்கள் மூவரின் சம்பளத்தையும் விட அதிகம். கீழே ஒரு டெலிகிராம் முகவரி. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு வாட்ஸ்அப் 2019 முதல் இடும் அடையாளம் அது. யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது என்பதே அந்த அம்புக்குறியின் பொருள். நாங்கள் அதைப் பலரும் நம்பிய செய்தி என்று படித்தோம். சொற்பொருள் கற்பிக்கிறவர்கள் செய்யும் பிழையா இது என்று கேட்கலாம். செய்தோம். அரை நிமிடத்தில் அது எங்கள் குழுவுக்குப் போயிற்று. 'முயன்று பாருங்கள் தம்பிகளே' என்று ஒரு வரியையும் சேர்த்து அனுப்பியிருந்தோம்.

மங்கலம்பேட்டைத் தம்பி அப்போது பேருந்து நிறுத்தத்துக்கு அருகே ஒரு கணினிக் கடையில் சான்றிதழ் விண்ணப்பங்களைப் பதிவேற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு அதற்குச் சில மாதங்கள் முன்பு லிங்க்ட்இன்னில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்திருந்தோம். 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தத் தளம் தொழில்முறை அறிமுகங்களுக்கானது. எங்கள் மாணவர்களில் மிகச் சிலரே அந்தப் பக்கம் போவார்கள். அதில் தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டும். அவன் கை ஓடவில்லை. "என்னப் பத்தி நானே எப்பிடிங்கய்யா எழுதறது?" என்றான்.

கூச்சம் அவனுடையது மட்டுமன்று. தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்று நன்னூலின் பாயிரத்திலேயே பவணந்தியார் சொல்லிவிடுகிறார். ஆனால் உடனே நான்கு விலக்குகளும் தருகிறார். அரசனது அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இதை அவனுக்குப் பாடமாக நடத்தியவர்களும் நாங்களே. முதல் இரண்டும் அப்படியே உனக்குப் பொருந்தும், ஓலையும் எழுதுகிறாய், உன்னை அறியாதவர்களுக்கும் எழுதுகிறாய் என்று சிரித்துக்கொண்டே எழுத உட்கார்ந்தோம். அந்தத் தளத்தில் மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்து நாங்களும் எழுதினோம். தலைமைப் பண்பு. குழுவாகச் செயல்படும் திறன். அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல். எழுதி முடித்து வாசித்தபோது அது யாருடைய பக்கமாகவும் இருக்கலாம் போலிருந்தது. அவன் பள்ளி விடுமுறைகளில் தாயோடு பட்டறைக்குப் போனவன். அச்சு எப்போது நீரை இழுத்துக்கொள்ளும், மெருகுக் குழம்பு தடித்தால் சூளையில் என்ன ஆகும், எந்த விரிசல் சூளையில் விழுந்தது, எது காயும்போதே விழுந்தது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அதை எழுதவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. பட்டறை வேலையை மறைப்பதற்காகத்தானே அவனைப் படிக்க வைத்தார்கள்.

அந்தத் தொழிலின் நிலையும் அப்படித்தான் இருந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழும்போது கிடைக்கும் களிமண்ணை நம்பி எழுந்தது விருத்தாசலத்துப் பீங்கான் தொழில். அதைக் கற்பிக்க ஊரில் ஒரு தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு. வீட்டு மின்பலகைகளில் ஒரு காலத்தில் வெள்ளை வெளேரென்று இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தானாக விழும் பிளாஸ்டிக் சுவிட்சுகள் வந்த பிறகு புது வீடுகளில் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. பொம்மைகளும் கார்த்திகை அகல்களும் சிறு பட்டறைகளுக்குத் துணை நிற்கின்றன.

டெலிகிராமில் அவனிடம் பேசியவர் தமிழில் பேசினார். நேர்காணல் என்று ஒன்று நடந்தது. பத்து நிமிடம் தட்டச்சு செய்து காட்டச் சொன்னார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பணி ஆணை வந்துவிட்டது. சுற்றுலா விசாவில் வந்தால் போதும், வேலை விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். முன்பணமாக 15,000 ரூபாய். தாயின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. அக்டோபர் முதல் வாரத்தில் புறப்பாடு. அவன் எங்களுக்கு இனிப்பு வாங்கி வந்தான். நாங்கள் சாப்பிட்டோம். குழுவிலிருந்து நன்றி சொல்லி வெளியேறினான். அவன் இடத்தில் இன்னொருவனைச் சேர்த்தோம்.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் செய்திகள் வரத் தொடங்கின. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டவர்கள் எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள், இணையவழி மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள், மறுத்தால் அடி. ஏறத்தாழ 300 இந்தியர்கள், அவர்களில் 50 பேர் அளவில் தமிழர்கள் என்று குறிப்பிட்டு அவர்களை மீட்க வேண்டி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 24ஆம் தேதி வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் பதவியின் பெயரும் இருந்தது. டிஜிட்டல் விற்பனை மற்றும் சந்தைப்படுத்தல். சமூக ஊடக விளம்பரங்கள் வழியாக ஆள் பிடிக்கிறார்கள் என்றும் இருந்தது. அதை வாசித்த இரவு எங்களில் எவரும் தூங்கவில்லை. அவன் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முன்னதாகவே புறப்பட்டுவிட்டானோ என்ற ஒரே எண்ணம்தான். விடிந்ததும் மங்கலம்பேட்டைக்குப் புறப்பட்டோம்.

வாசலில் அவன் நின்றிருந்தான். அதைப் பார்த்ததும் எங்களில் மூத்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தடுத்தது நாங்கள் அல்லர், அவனுடைய தாய்மாமன். இருபது ஆண்டுகள் வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அவரிடம் சமூக ஊடகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வழியனுப்ப வந்தவர் பணி ஆணையை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். விசா என்ன விசா? பயணச்சீட்டு யார் செலவு? இறங்கியதும் அழைத்துப்போக வருகிறவன் பெயர் என்ன? அங்கே வேலை பார்க்கிற ஒருவனிடம் போனில் பேச முடியுமா? கடைசிக் கேள்வியை மருமகன் டெலிகிராமில் கேட்க, மறுமுனையில் கோபம் வந்திருக்கிறது. கோபம் வந்த மறுகணமே மாமன் கடவுச்சீட்டை வாங்கித் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தம்பி அந்தக் கோபத்தில் கைப்பேசியை அணைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

தேநீர் வந்தது. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். மன்னிப்பு என்ற சொல்லைத் தமிழாசிரியர்கள் வாயிலிருந்து கேட்டு அந்த அம்மாவுக்குத்தான் சங்கடம். "அய்யோ, நீங்க நல்லதுக்குத்தான சாரு அனுப்புனீங்க" என்றார். மாமன் அப்படிச் சொல்லவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார். "நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா சாரு?"

இல்லை என்றோம்.

"போனவங்க யாரையாச்சும் தெரியுமா?"

தெரியாது என்றோம்.

"அப்பறம் எப்பிடி சாரு அனுப்புனீங்க?"

குரலில் கோபம் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார். நாங்கள் மூவரும் கல்லூரியில் ஆண்டுதோறும் பத்துப்பாட்டு நடத்துகிறவர்கள். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. ஆற்றுப்படை என்றால் என்ன என்ற வினாவுக்கு நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறோம். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனுக்கு வழி காட்டுதல். கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று தொல்காப்பியம் அவர்களை வரிசைப்படுத்துகிறது. இந்த இலக்கணத்தில் நாங்கள் எப்போதும் அழுத்திச் சொல்லும் சொல் 'வழி'. அழுத்தியிருக்க வேண்டியது 'பெற்று' என்ற சொல். பெற்றவன்தான் சொல்லலாம். போய், பசியாறி, கைநிறையப் பெற்று, அதே வழியில் நடந்து திரும்புகிறவனுக்குத்தான் எதிரே வருகிறவனை நிறுத்திப் பேசும் உரிமை. அந்தத் திண்ணையில், ஆறிப்போன தேநீரோடு, இது எங்களுக்குப் புதிதாகப் பிடிபட்டது.

திரும்பி வரும் வழியில் மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. செங்கண்மாவின் நன்னனிடம் கூத்தர்களை வழிப்படுத்துவது, 583 அடிகள். வகுப்பில் அதன் வழிநடைப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவது எங்கள் வழக்கம். தேர்வில் வினா வராது. ஆனால் அங்கேதான் எல்லாம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், பார்த்துப் போங்கள். பாம்புகள் கிடக்கும் குழிகள் உண்டு. யானையை விரட்டக் கவணில் எறியும் கற்கள் வந்து விழும். வழுக்கும் இடங்களில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எந்த வேளையில் நடக்கக்கூடாது. பரிசிலின் பெருமையைச் சொல்லுவதற்குச் சற்றும் குறையாமல் வழியின் ஆபத்தைச் சொல்லுகிறான் அந்த முன்னால் போனவன். இலவச உணவு, இலவசத் தங்குமிடம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எங்கள் செய்தியில் பாம்பு இல்லை, குழி இல்லை, கவண்கல்லும் இல்லை. ஐயம் கொள்ள அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாடல் ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. அதியமான் நெடுமான் அஞ்சி, வந்த புலவரை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான். பார்க்காமல் கொடுத்ததைப் பெறுவதற்குத் தாம் வெறும் பொருளுக்கு அலையும் வணிகப் பரிசிலன் அல்லர் என்று புலவர் மறுக்கிறார். தன்மானப் பாடல் என்று நடத்துவோம். முகம் பார்க்காமல் இரண்டு நாளில் வந்த பணி ஆணையைப் பார்த்த பிறகு, அதில் எச்சரிக்கையும் கொஞ்சம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

எங்கள் மூவரில் இளையவர் இந்த ஒப்பீட்டை முழுவதும் ஏற்கவில்லை. அவர் வாதத்தையும் எழுதுவதுதான் முறை. ஆற்றுப்படையே ஒரு விளம்பரந்தானே என்பது அவர் கேள்வி. பேசுகிறவன் பாணன் என்றாலும் பாடியது புலவர். பாணன் கற்பனை. புலவருக்கு வேண்டியது வள்ளலின் புகழ். நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனார் அந்த வழியெல்லாம் நடந்தாரா என்று யார் கண்டது? வேலை கொடுக்கிறவனின் பணத்தில் எழுதப்பட்ட வேலை விளம்பரத்தைத்தான் இலக்கியம் என்று நடத்திக்கொண்டிருக்கிறோம் என்றார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். வாதத்துக்கு இன்றுவரை எங்களிடம் முழுமையான விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். பொய்யாகவே இருந்தாலும் பெற்றவன் ஒருவனை முன்னே நிறுத்திப் பேசவைக்க வேண்டும் என்ற நாணம் அந்த விளம்பரத்துக்கு இருந்தது.

அந்த அக்டோபரின் தொடக்கத்தில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தோம். தலை குனிந்து நடந்த பையன்களின் வயது எங்கள் மாணவர்களின் வயது. அத்தோடு முடியவில்லை. 2025 மார்ச்சில்கூட விமானப்படை விமானங்களில் இரண்டு நாட்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மேசோட் வழியாக அழைத்து வரப்பட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும், பதிவு செய்தவர்களின் பட்டியலை இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகிறது. நாங்கள் செய்தியை அனுப்ப எடுத்துக்கொண்டது அரை நிமிடம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1930 என்ற எண்ணில் புகார் பதிந்தோம். தோட்டை மீட்கும் தொகையை மூவரும் சேர்ந்து எடுத்துப் போனோம். அந்த அம்மா தொட மறுத்துவிட்டார். மாமன் வாங்கிக்கொண்டார். அவர் வாங்கிக்கொண்டதில் எங்களுக்கு உண்டான நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை.

சமூக ஊடகத்தில் வேலை தேடுவதே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது இன்னொரு பிழையாகும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை அத்துறையில் மிகப் புகழ்பெற்றது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நெருங்கியவர்கள் அல்லர், எப்போதாவது பார்க்கிறவர்கள் என்று கண்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்து அறிமுகத்துக்குத்தான் நாம் அறியாத செய்தி தெரியும் என்பது அவர் விளக்கம். அரை நூற்றாண்டு கழித்து, நாங்கள் மங்கலம்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே செப்டம்பரில், லிங்க்ட்இன்னின் இரண்டு கோடிப் பயனர்களை ஐந்தாண்டு ஆராய்ந்த முடிவு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. தளர்ந்த உறவு வேலை மாற்றத்துக்கு உதவுகிறது, ஆனால் மிகவும் தளர்ந்ததைவிட நடுத்தரமாகத் தளர்ந்ததே கூடுதலாக உதவுகிறது. அதுவும் கணினி மிகுந்த தொழில்களில்தான், கணினி குறைந்த தொழில்களில் நெருங்கிய உறவே உதவுகிறது என்பது அதன் சாரம். பெங்களூரில் நிரல் எழுதுகிறவனுக்கான வழியும் விருத்தாசலத்துப் பட்டறைக்காரர் மகனுக்கான வழியும் ஒன்றல்ல என்று நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம்.

தளர்ந்த உறவு உதவியதற்கும் எங்களிடம் சான்று உண்டு. எங்கள் மாணவி ஒருத்திக்கு முகநூலில் ஒரு பழக்கம். சந்திப்பிழை கண்டால் கைபொறுக்காது. சென்னைப் பதிப்பாளர் ஒருவர் தம் புதிய நூலின் அட்டையைப் பெருமையோடு வெளியிட்டபோது, அதன் துணைத்தலைப்பில் ஒரு வல்லினம் மிக வேண்டும் என்று பணிவாக எழுதியிருக்கிறாள். அட்டை அச்சுக்குப் போகவில்லை, நல்லவேளை. அவர் அவளுடைய பழைய பதிவுகளையெல்லாம் படித்துவிட்டு, மெய்ப்புத் திருத்த வரமுடியுமா என்று கேட்டார். அவள் எங்கும் வேலை கேட்டு எழுதியவள் அல்லள். தன் ஆற்றலை அறியாதவர் நடுவே அதைச் செய்து காட்டினாள், அவ்வளவுதான். பவணந்தியார் மறுத்திருக்க மாட்டார்.

குழுவின் விதியை மாற்றினோம். வேலை கிடைத்தவர் வெளியேறக் கூடாது. பெற்றவர்களையெல்லாம் நன்றி சொல்ல வைத்து வெளியே அனுப்பிவிட்டு, பெறாதவர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் வழி காட்டிக்கொண்டிருந்ததல்லவா அந்தக் குழு! பழையவர்களைத் தேடித் திரும்பச் சேர்த்தோம். அதற்குள் குழுவின் கொள்ளளவையும் கூட்டியிருந்தார்கள். ஒரு செய்தியை இடுகிறவர் தாம் அங்கே வேலை பார்த்தவரா, பார்த்தவரை அறிந்தவரா என்று முதல் வரியில் சொல்ல வேண்டும் என்பது இரண்டாம் விதி. செய்திகள் பத்தில் ஒன்றாகக் குறைந்தன. சிலர் சலித்துக்கொண்டு வேறு குழுக்களுக்குப் போனார்கள். போகட்டும் என்றும் சொல்ல முடியவில்லை, அவர்களும் எங்கள் பிள்ளைகள்தான்.

மங்கலம்பேட்டைத் தம்பி 2023இல் குஜராத்தின் மோர்பிக்குப் போனான். இந்தியாவின் தரை ஓடுகளில் பெரும்பகுதி செய்யப்படும் ஊர். அவன் தாயோடு அச்சு ஊற்றும் இன்னொரு அம்மாவின் மகன், பீங்கான் பட்டயம் படித்துவிட்டு அங்கே ஓர் ஆலையில் இருக்கிறான். தமிழ்நாட்டுக் கடைக்காரர்களோடு தொலைபேசியில் பேசத் தமிழ் நன்றாகத் தெரிந்த, ஓட்டைப் பற்றியும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று அவன் தன் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைத்திருந்தான். தலைமைப் பண்பை யாரும் கேட்கவில்லை. மெருகு வெடிப்பதற்கும் ஓடு வெடிப்பதற்கும் வேறுபாடு தெரியுமா என்று கேட்டார்களாம். மாமன் தம் நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். குஜராத்துக்குக் கடவுச்சீட்டு எதற்கு என்று மருமகன் சொல்லியும் கேட்கவில்லையாம்.

சென்ற ஆண்டு அந்த ஆலைக்கு இன்னும் இருவர் தேவைப்பட்டார்கள். அவன் குழுவில் எழுதிய செய்தி மிக நீளமானது. அதில் ஒற்றுப்பிழைகள் இருந்தன, நாங்கள் திருத்தவில்லை. தான் இங்கே இரண்டு ஆண்டாக வேலை பார்ப்பதாக முதல் வரி. சென்னை சென்ட்ரலில் நவஜீவன் ஏறி அகமதாபாத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து வாங்கானேர் வந்து மாற வேண்டும். முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், விட்டுப் போகும்போதுதான் தருவார்கள், ஆகவே கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். அரிசிச் சோறு கிடைக்கும் கடை ஒன்றுதான், அதுவும் ஞாயிறு மாலை மூடிவிடுவான். தண்ணீர் உப்பு. குளிர்காலத்துக்குக் கம்பளி வாங்கிவர வேண்டும், மே மாதத்தில் சூளைப் பக்கம் போகவே முடியாது. இந்தி தெரியாவிட்டால் முதல் மூன்று மாதம் அழுகை வரும், தனக்கு வந்தது. அறையில் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறோம், வருகிறவர்கள் பாய் கொண்டுவரவும்.

அன்று இரவே பதினோரு பேர் அவனிடம் பேசியிருக்கிறார்கள். இருவர் கிளம்பினார்கள். பாயோடு.